குளத்துக்கு ஒரு மிஸ் கோல்

ஓய்வு பெற்றவர்களுக்கு நித்திரை வராது என்று பலரும் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு நன்றாகவே வருகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தால், தர்மபுரத்து வீட்டுக்குப் பின்னால் வயலில் கொக்குகள் இறங்குவது கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். பிறகு அதுவும் தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததை இப்போது சும்மா செய்கிறீர்கள் என்று மனைவி கேலி செய்வாள். அதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. என் உத்தியோகமே நித்திரையைப் பற்றியதுதான். மனிதர்களின் நித்திரை அல்ல, கணினிகளின் நித்திரை.

அண்மையில் ஒரு நாள் தர்சிகா தொலைபேசியில் அழைத்தாள். வவுனியா நெளுக்குளத்தில் நான் வேலை செய்த சின்ன நிறுவனத்தில், நான் இருந்த கதிரையில் இப்போது அவள் இருக்கிறாள். குளக்கட்டுகளில் வைக்கும் நீர்மட்டப் பெட்டிகளைச் செய்கிற நிறுவனம் அது. குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அந்தப் பெட்டி அளந்து அனுப்பும். குளம் நிரம்பி வான் பாயப்போகிறது, அதாவது மிஞ்சின தண்ணீர் வழியப்போகிறது என்றால் கீழே உள்ள ஊருக்குச் சங்கு ஊதும். பெட்டிக்குள் ஒரு சிறு கணினி, ஒரு பற்றரி, மேலே ஒரு சோலர் தகடு, கதைப்பதற்கு ஒரு சிம் போட்ட மோடம். அவ்வளவுதான்.

தர்சிகாவிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. டைமர்களை யார் யார் எத்தனை தரம் பாவிக்கிறார்கள் என்று கேர்னல் எழுதிக் காட்டுகிற பழைய வசதி புதிய கேர்னலில் இல்லையே, அது எங்கே போனது என்பது முதலாவது. அதைத் தூக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். ஒருவருடைய வேலையை மற்றவர் எட்டிப் பார்க்க அது இடம் கொடுத்தது, அதைவிடத் திறமான வழியும் வந்துவிட்டது, எனவே போனது நல்லதுதான். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. இரண்டாவது கேள்விதான் என்னைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

"சேர், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பெட்டி இருக்கெல்லே. புது முறையில பார்த்தனான். அதில பொழுதுபட முந்தி ஒரு டைமர் எழும்புது. எழும்பி மோடத்தைக் கனநேரம் முழிக்க வைச்சு, வரிசையா எத்தினையோ நம்பருக்கு அடிச்சு அடிச்சு வெட்டுது. ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. நிரலுக்குள்ள 'பவானி மிஸ் சொன்னவா' எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு. அதை எடுத்துவிடலாமோ?"

எழுதித் தருகிறேன், பொறு பிள்ளை என்றேன். எழுத உட்கார்ந்தால் அது இவ்வளவாக நீண்டுவிட்டது.

டைமர் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். கணினியில் ஓடும் எல்லா நிரல்களையும் மேய்க்கும் உள்நிரலைக் கேர்னல் என்பார்கள். மற்ற நிரல்கள் அதனிடம் வந்து, இன்ன நேரத்தில் என்னை எழுப்பிவிடு என்று சொல்லி வைத்துவிட்டுப் படுக்கும். அந்தச் சொல்லிவைத்தல்தான் டைமர். ஒருவருக்கும் எழும்ப வேண்டிய தேவை இல்லையென்றால் கணினியும் கண்ணை மூடும். ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் பற்றரியில் கொஞ்சம் போகும். மின்கம்பி வந்த வீட்டில் இது ஒரு பொருட்டல்ல. காட்டோரக் குளக்கட்டில், கார்த்திகை மழை இருட்டில், பற்றரி ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் பெட்டிக்கு இதுதான் உயிர்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த வழி வளைந்த வழி. கிளிநொச்சியில் ரேடியோ திருத்தினேன். போரால் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ பாட வைத்தவர்களில் நானும் ஒருவன். எந்த உறுப்பு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பது தோள் வலியாலேயே எனக்குத் தெரியும். பிறகு இடம்பெயர்ந்தோம், திரும்ப இடம்பெயர்ந்தோம். வவுனியாவில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தபோது என்னோடு படித்தவர்களுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அங்கே படித்ததை வைத்துக்கொண்டுதான் நெளுக்குளத்தில் வேலை கேட்டுப் போனேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் பவானி மிஸ். பொறியியலாளர், என்னைவிடச் சில வயது மூத்தவர். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றைக் கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணை மூடுவார். முதல் தடவை நான் அவர் நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து மெல்ல எழுந்து போகப் பார்த்தேன். "இருங்கோ சிவம், யோசிக்கிறன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பெட்டி ஒன்று பற்றரியைக் குடிக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "ஆர் எழுப்பினது?" என்ன பிழை, யார் எழுதியது என்றெல்லாம் கேட்க மாட்டார். யார் எழுப்பியது என்று தெரிந்த பிறகுதான் எதிலும் கை வைக்க விடுவார்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வைத்திருந்தார். கேர்னலிடம் கணக்கெடுக்கச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது. விசைப்பலகையில் ஒரு விரல் பட்டாலும், சுட்டி ஒரு நூலளவு அசைந்தாலும் அதற்கும் டைமர்கள் எழும்பும். பார்க்க வந்தவனே கணக்கைக் குழப்பிவிடுவான். எனவே எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்போம். எவ்வளவு நேரம் என்றால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம். அதுதான் எங்கள் அளவு. சந்தேகம் பெரிதாக இருந்தால் இரண்டு தேத்தண்ணி. அறையில் மின்விசிறி மட்டும் சுற்றும். வெளியே வேப்பமரத்தில் ஏதாவது குருவி கத்தும். சீனி போடாத தேத்தண்ணியை மிஸ் கண்ணை மூடியபடி உறிஞ்சுவார். என் வாழ்க்கையில் நான் அனுபவித்த மிக அமைதியான நேரங்கள் அவை. கோப்பை வெறுமையானதும் கணக்கை நிறுத்திவிட்டு வாசிப்போம். எந்த நிரல், எந்த வேலைக்காக, எத்தனை தரம் எழுப்பியது என்று வரிவரியாக இருக்கும்.

முதன்முதலில் நான் வாசித்த கணக்கில் மேலே நின்றது ஒரு சின்னத் திரை. பெட்டிக்குள் நேரம் காட்டுவதற்கு யாரோ வைத்தது. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் இரண்டு புள்ளிகள் மின்னி மின்னி அணையும். அதற்காக ஒவ்வொரு தரமும் முழுக் கணினியும் எழும்பிக்கொண்டிருந்தது. பெட்டியோ பூட்டிக் குளக்கட்டில் இருப்பது. திறப்பு எங்கள் அலுமாரியில். மிஸ் கண்ணைத் திறந்து, "பூட்டின பெட்டிக்குள்ள இருந்து ஆருக்குக் கண் சிமிட்டுது?" என்று கேட்டார். அன்று முழுவதும் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். புள்ளிகளை நிறுத்தியவன் நான்தான். நிறுத்தும்போது, இத்தனை காலமும் இருட்டுக்குள் தனியே சிமிட்டிக்கொண்டிருந்ததே என்று ஏனோ பாவமாக இருந்தது.

இன்னொன்றும் அவரிடம் படித்தேன். நீர்மட்டம் பார்க்க ஒரு டைமர், பற்றரி பார்க்க ஒன்று, வெப்பம் பார்க்க ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. ஒன்று எழும்பிப் படுத்து, கண் அயர்வதற்குள் மற்றது எழுப்பும். மிஸ் மூன்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றச் சொன்னார். எழும்பினது எழும்பினதுதான், எல்லா வேலையையும் முடித்துவிட்டுப் படு என்று, பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்வதைத்தான் அவர் கணினிக்குச் சொன்னார்.

இனித் தர்சிகா கேட்ட பெட்டிக்கு வருகிறேன். குளத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குளக்கட்டுக்குக் கீழே ஒரு ஒழுங்கை, இருபக்கமும் வீடுகள் உள்ள ஒடுங்கிய தெரு. மேல் பாதியில் புத்தளத்தில் அகதிகளாக இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள். கீழ்ப் பாதியில் யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதோ வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். எல்லோரும் நெல் விதைப்பவர்கள். வான் பாய்ந்தால் தண்ணீர் முதலில் ஏறுவது ஒழுங்கையின் முதல் வீட்டுக்கு. அது பரீனாவின் வீடு.

பரீனாவின் கணவர் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர், வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. பிள்ளைகளோடு தனியாகத்தான் இருப்பாள். திரும்பி வந்த முதல் மாரியிலேயே, ஒருவரும் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்து, அவளுடைய ஆடுகளையும் விதைநெல்லையும் கொண்டுபோனது. பிள்ளைகளைத் தூக்கி அலுமாரிக்கு மேல் இருத்திவிட்டு விடியும்வரை நின்றாளாம். இதை அவள் அழுது சொல்லவில்லை. குளக்கட்டுக்கு எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே சொன்னாள். அந்தப் பெட்டி வைத்ததில் மிகவும் சந்தோசப்பட்டவளும் அவள்தான்.

ஆனால் பெட்டி செத்துச் செத்துப் போனது. வெயில் நாட்களில் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று நாள் மந்தாரம் போட்டால் பற்றரி வெறுமையாகி, ஒவ்வொரு மாலையும் அது எங்களுக்கு அனுப்பும் நீர்மட்ட அறிக்கை வராது. அதாவது, எப்போது அது தேவையோ அப்போதுதான் இல்லை. நான் போய்ப் பற்றரியை மாற்றினேன். தகட்டில் காகம் எச்சமிட்டிருந்ததைக் கழுவினேன். மோடத்தை மாற்றினேன். கழற்றிக்கொண்டு வந்து நெளுக்குளத்தில் வைத்துக் கணக்கெடுத்தால், இரண்டு தேத்தண்ணிக்கும் அசையாமல் குழந்தை மாதிரிப் படுத்திருந்தது. திரும்பக் கொண்டுபோய் வைத்தால் அடுத்த மந்தாரத்தில் சாகும். பெட்டி வைக்கும் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி பொறுமை இழந்துவிட்டார். இன்னொரு தரம் நின்றால் கழற்றிக்கொண்டு போங்கள், வேலை செய்யாத சங்கை நம்பி ஊர் படுப்பதைவிடச் சங்கு இல்லாமல் இருப்பது நல்லது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கழற்றினால் பரீனாவின் வீடு பழையபடி ஒருவரும் சொல்லிவிடாத வீடாகிவிடும்.

"இஞ்ச படுக்குது, அங்க படுக்குதில்லை" என்றார் மிஸ். "அப்ப அங்க போய் இருங்கோ."

போய் இருந்தேன். பிற்பகல், தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து, மடிக்கணினியைப் பொருத்தி, குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் உட்கார்ந்தேன். பரீனா வழக்கம்போலப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கணக்கைத் தொடங்கிவிட்டுக் கையை மடியில் வைத்தேன். குளம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் சிறகை விரித்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் நான் எதற்காக அங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

கோப்பை வெறுமையாகி வாசித்தபோது மோடத்தைக் கவனிக்கும் நிரல் மேலே ஏறி நின்றது. நெளுக்குளத்தில் அது கணக்கின் அடியில் கிடந்தது. மோடம் எழும்பினால், என்ன வந்தது என்று அது அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அமைதியாகிக் கொஞ்ச நேரம் போன பிறகுதான் படுக்கும். அப்படியென்றால் மோடத்தை எழுப்பியது யார்?

கணக்கெடுக்கும் நேரத்தைக் குறைத்து, சில மூச்சுக்களுக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப எடுத்தேன். சில தரம் ஒன்றுமில்லை. சில தரம் எண்கள் பொங்கின. அப்போதுதான் தூறல் கொஞ்சம் பலத்தது. கீழே பரீனா வீட்டுக்கு வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து எதையோ அழுத்திக் காதில் வைத்தாள். வாய் அசையவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுக் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். என் திரையில் எண்கள் பொங்கின.

நான் குடையையும் விட்டுவிட்டு இறங்கிப் போனேன். யாருக்கு எடுத்தாய் என்று கேட்டேன்.

"குளத்துக்கு" என்றாள், இதிலென்ன கேள்வி என்பதுபோல. "நான் கதைக்கிறதில்லை அண்ணன். ஒருக்கா அடிக்க விட்டு வெட்டிருவன். மிஸ் கோல்தான். அடிச்சா அது முழிச்சிருக்கெண்டு தெரியும். மழை இருட்டினா மனசு கேக்காது."

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். பெட்டி வைத்த நாளில் ஊர் விவசாயிகள் சங்கத்துப் பொருளாளருக்கு ஒரு பரிசோதனைச் செய்தி போனது. அந்த நம்பரை அவர் சேமித்துவைத்தார். அவரிடமிருந்து கடைக்குப் போனது. கடையிலிருந்து ஒழுங்கை முழுவதும். தன் கைபேசியைத் திறந்து காட்டினாள். 'குளத்தார்' என்று பெயர் போட்டிருந்தாள். கீழ்ப் பாதியில் ஒருவர் 'பெரியவர்' என்று போட்டிருக்கிறாராம். மழை இருட்டினால் எல்லா வீட்டிலிருந்தும் குளத்தாருக்கு மிஸ் கோல் போகும். படுக்கப் போகுமுன் ஒரு தரம், இடையில் முழிப்பு வந்தால் இன்னொரு தரம்.

மேசையில் இருந்து நிரல் எழுதிய நாங்கள் வந்த அழைப்புகளைப் பதியக்கூட வைக்கவில்லை. குளத்துக்கு யார் அழைக்கப்போகிறார்கள்? எங்கள் ஊர்களில் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதற்கும் மிஸ் கோல், பால் எடுக்க வா என்பதற்கும் மிஸ் கோல் என்பது எங்களுக்குத் தெரியும். பெட்டிக்கும் அதே உறவு கிடைக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. பெட்டி படுத்துவிடுமோ என்று பயந்து பயந்து அவர்கள் எழுப்பியதால்தான் அது செத்துக்கொண்டிருந்தது. அதிகமாகப் பயந்தவள் அதிகமாக எழுப்பினாள்.

நம்பரை மாற்றிவிடுவோம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அல்லது வெளியார் அழைப்பை மோடம் ஏற்காதபடி தடுத்துவிடுவோம், சின்ன வேலைதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு, அவர்களோடு கதைத்துவிட்டு வருவோம் என்று மட்டும் சொன்னார்.

பாலர் பாடசாலைக் கட்டடத்தில் ஒழுங்கையே கூடியிருந்தது. சின்னக் கதிரைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். மிஸ் படம் கீறவில்லை, கேர்னல் என்ற சொல்லை எடுக்கவும் இல்லை. அதற்கும் நித்திரை வேண்டும், நீங்கள் அடிக்க அடிக்க எழும்பி எழும்பிச் சத்துக் கெட்டுப்போகிறது, மழை நாளில் சாப்பிட வெயிலும் இல்லை என்றார். எல்லோருக்கும் விளங்கியது. ஒரு பெரியவர் ஐயோ பாவம் என்றார். பரீனாதான் கேட்டாள்.

"அது படுத்தா நாங்க எப்பிடி மிஸ் படுக்கிறது?"

மிஸ் கண்ணை மூடினார். அத்தனை பேருக்கு முன்னாலும், அந்தச் சின்னக் கதிரையில் இருந்தபடி. யாரோ பிள்ளையை அதட்டிச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்து பரீனாவைப் பார்த்தார்.

"நீங்கள் அதுக்கு எடுக்க வேண்டாம். அது உங்களுக்கு எடுக்கும். ஒவ்வொரு நாளும் பொழுதுபட முந்தி, எல்லாருக்கும் ஒரு மிஸ் கோல். எடுத்தா, அது நல்லா இருக்கு, நீங்கள் படுங்கோ."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி எனக்கு எடுங்கோ. எந்த நாளெண்டாலும் நான் வந்து நிப்பன்."

அப்படி ஒரு வசதி எங்களிடம் இருக்கவில்லை. எழுத வேண்டியவன் நான். ஆனால் அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் துலங்கிவிட்டது. மாலை அறிக்கை அனுப்பப் பெட்டி எப்படியும் எழும்புகிறது. எழும்பினது எழும்பினதுதான், ஊரையும் விசாரித்துவிட்டுப் படுக்கட்டும். நாள் முழுக்கச் சிதறிக் கிடந்த எழுப்புதல்களை ஒரு மாலைப் பொழுதில் சேர்த்துக் கட்டினோம். எல்லோரும் தங்கள் நம்பரைத் தந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக என் நம்பரையும் மிஸ்ஸின் நம்பரையும் கடைசியில் போட்டேன். நிரலில் அந்த இடத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தெரிந்த காரணத்தை எழுதினேன்: பவானி மிஸ் சொன்னவா.

மாரி இறங்கியது. வெயில் இல்லாத நாட்கள் தொடங்கின. இந்தத் தரம் பெட்டிக்கு வரும் அழைப்புகளையும் பதிய வைத்திருந்தேன். முதல் மாலை பெட்டி எல்லோருக்கும் அடித்தது. ஆனாலும் ஒழுங்கையிலிருந்து பழையபடி அழைப்புகள் வந்தன. பழக்கம் விடுமா? அடுத்த நாள் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு நம்பர் மட்டும் மிஞ்சியது. திரும்பத் திரும்ப வந்தது. அது யாருடையது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு சொல் சொல்லட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "அவவை விடுங்கோ சிவம்" என்றார். மறுநாள் மந்தாரம் இன்னும் கறுத்திருந்தது. நெளுக்குளத்தில் மாலை அறிக்கை வந்தது. பார்த்தேன். அந்த நம்பரும் இல்லை.

அந்தக் கிழமை முடியுமுன் குளம் வான் பாய்ந்தது. பற்றரியில் மிச்சம் இருந்ததால் சங்கு ஊதியது. பகல் நேரம், சோறு உலையில் இருந்த நேரம். ஒழுங்கை முழுவதும் பாடசாலைக்கு ஏறிவிட்டது, ஆடுகள் முன்னால். பரீனாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்தது. விதைநெல் மூட்டையை அவள் முதலிலேயே ஏற்றிவிட்டிருந்தாள். கழற்றிக்கொண்டு போகும் கதையை அதற்குப் பிறகு அதிகாரி எடுக்கவில்லை.

சேறு காய்ந்த பிறகு போனபோது, அன்றைக்கு ஏன் குளத்துக்கு எடுக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"போனைத் தலைமாட்டில வச்சுக்கொண்டுதான் படுத்தனான் அண்ணன். எடுக்கோணும் போலதான் கிடந்தது. அதுவும் பாவம், படுக்கட்டும் எண்டு விட்டிட்டன். பிறகு எனக்கும் நித்திரை வந்திட்டுது."

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி யார் சொன்னதைவிடவும் எனக்குப் பிடித்தது இதுதான்.

இவ்வளவும் எழுதி, தர்சிகாவுக்கு என்ன முடிவு சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஒரு மாலை முற்றத்தில் இருந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது போல இருந்தது. மாடுகள் போய்விட்டன, கொக்குகள் போய்விட்டன, எல்லாம் அதனதன் இடத்தில். என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என் நம்பர் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் கைபேசி ஒரு தரம் அடித்து அடங்கும். நான் எடுப்பதில்லை, அதை நினைப்பதுமில்லை. அன்று அது அடிக்கவில்லை.

அதை உணர்ந்த கையோடு கைபேசி அடித்தது. ஒரு தரத்தோடு நிற்கவில்லை. பவானி மிஸ். அவர் இப்போது புதுக்குடியிருப்பில் மகளோடு இருக்கிறார். முழங்காலில் வருத்தம், நடை குறைவு.

"சிவம், குளம் எடுக்கேல்லை. பரீனா எனக்கு எடுத்திட்டா. நான் வெளிக்கிட்டிட்டன்."

"மிஸ், கால் ஏலாதெல்லே உங்களுக்கு."

"சொன்னனானெல்லே" என்றார். பின்னால் ஓட்டோவின் சத்தம் கேட்டது.

தர்சிகாவை அழைத்தேன். ஒரு மாலைக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்களாம், எவ்வளவு பற்றரி மிஞ்சுகிறது என்று. அவள் செய்தது முறையான வேலைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். திரும்பப் போட்டுவிடச் சொன்னேன். பெட்டி அடுத்த முறை எழும்பும்போதுதான் கட்டளையைக் கேட்கும், கேட்டதும் எல்லோருக்கும் அடிக்கும், கொஞ்ச நேரமாகும் என்றாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குளக்கட்டில் மிஸ் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பரீனா. அவளுக்கும் நரை விழுந்திருந்தது. ஒழுங்கையிலிருந்து இன்னும் சிலர் ஏறி வந்திருந்தார்கள். வானத்தில் மழைக்கான அடையாளமே இல்லை. பெட்டியில் செய்ய ஒன்றுமில்லை என்று நான் விளக்கினேன். மிஸ் தலையை ஆட்டினார். திரும்பிப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பரீனா போத்தலைத் திறந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். மிஸ் கண்ணை மூடியிருந்தார்.

இருட்டி, கோப்பை முடியும் நேரம் கீழே எங்கோ ஒரு வீட்டில் கைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. பிறகு கோயில் பக்கம் ஒன்று. பிறகு கடையில். அங்கொன்றும் இங்கொன்றுமாக, வேறு வேறு பாட்டில், ஒவ்வொன்றும் ஒரு தரம் மட்டும். ஒருவரும் எடுக்கவில்லை. அதற்காகக் காத்திருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிவிளக்குகள் அணைந்தன. பரீனாவின் இடுப்பில் அடித்தது. அவள் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினாள். என் சட்டைப்பையில் அடித்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக மிஸ்ஸின் கைப்பையில்.

"ஆ, எடுத்திட்டுது" என்றாள் பரீனா. "வாங்கோ, வீட்ட சாப்பிட்டிட்டுப் போகலாம்."

தர்சிகா, உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். அந்த டைமரை எடுத்துவிட வேண்டாம். வரிசையில் கடைசியாக, மிஸ்ஸின் நம்பருக்குப் பிறகு, உன்னுடைய நம்பரையும் போடு.